மழையில் கோடு, வெயிலில் இழைப்பு

2024 நவம்பர் 6, புதன்

தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் வீடெல்லாம் ஐப்பசி ஈரம். ஜாடியில் உப்பு கசிகிறது, தீக்குச்சி பற்றமாட்டேன் என்கிறது, கண்ணாடி மேசையின் கீழ் டிராயர் திறக்கமாட்டேன் என்கிறது.

வீட்டு வரி ரசீது அதற்குள். இவர் மேசைக் காலில் தன் காலை முட்டுக்கொடுத்து இரண்டு கைப்பிடியையும் பிடித்து இழுத்ததில் வலது கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. அடுத்து ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பப் போனார். வாங்கி வைத்துவிட்டேன். நெம்பினால் தேக்கில் விழும் வடு எந்தப் பாலிஷுக்கும் மறையாது.

அத்தை கல்யாணச் சீராகக் கொண்டுவந்த மேசை இது. மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன டிராயர், கீழே அகலமாக இரண்டு. டிராயருக்கும் டிராயருக்கும் நடுவே பலகைத் தடுப்பு கிடையாது. முன்னால் ஒரு குறுக்குச் சட்டம், இரு பக்கமும் டிராயர் உட்கார்ந்து ஓடும் கட்டை, அவ்வளவுதான். அதனால் மூன்றாவதை முழுக்க உருவி எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு, நாலாவதின் பின்பலகையை இடம் ஒரு குத்து, வலம் ஒரு குத்து என்று உள்ளங்கையால் தள்ளினேன். முனகிக்கொண்டே வந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் விசை முழுக்க முகப்புப் பலகையில் விழுகிறது. அது பக்கப் பலகையோடு சேரும் மூலைதான் முதலில் விட்டுப்போகும். பின்னாலிருந்து தள்ளினால் அந்தப் பயம் இல்லை.

மூன்றாவது டிராயர் வெகுநாளாக அரை அங்குலம் துருத்திக்கொண்டே நின்றதற்கும் காரணம் அகப்பட்டது. அதன் பின்னால் கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்று, பல் போன சீப்பு, பனையோலை விசிறியின் காம்பு. மேல் டிராயர்களில் அமுக்கி அமுக்கி வைத்தது பின்பக்கமாக வழிந்து கீழே விழுந்திருக்கிறது. மூடாத டிராயருக்கு ஆசாரியைத் தேடுவதற்கு முன்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட வேண்டும்.

நவம்பர் 8, வெள்ளி

நாலையும் காலி செய்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் சாக்பீஸால் எண் போட்டேன். ஒரே அளவாகத் தெரிந்தாலும் பழைய டிராயர் தன் பொந்துக்கு மட்டும்தான் சரியாகப் போகும். மாற்றிப் போட்டால் புது வம்பு.

டீச்சர் வீட்டில் கலர் சாக்பீஸுக்கா பஞ்சம்? ஓடு கட்டையிலும் குறுக்குச் சட்டத்தின் அடியிலும் நீலத்தைத் தாராளமாகத் தேய்த்தேன். டிராயரை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, நீலம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் உரசும் இடம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

நாலாவதில் பக்கப் பலகைகளின் மேல் விளிம்பில் நீலம், இரண்டு பக்கமும் ஒரே சீராக. மூன்றாவதில் வலப்பக்கம் முன்னால் கீழேயும் இடப்பக்கம் பின்னால் மேலேயும்; நடுவில் சுத்தம். கோணல்மாணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், ஆனால் டிராயர் கோணலா மேசை கோணலா என்று தெரியவில்லை. இரண்டாவதில் அடிப்பலகை நடுவே தொங்கி, கீழே உள்ள சட்டத்தை வருடுகிறது. இவருடைய ஆணி, நட்டு, பழைய பூட்டு எல்லாம் அதில்தான் குடியிருந்தன. ஒன்றாவதில் பவுடர் டப்பாவும் பொட்டு அட்டையும்; அதற்கு ஒரு நோயும் இல்லை.

நவம்பர் 11, திங்கள்

ஆசாரி வந்தார். பையிலிருந்து இழைப்புளி வெளியே வரும் என்று இவர் காத்திருக்க, அவர் எடுத்தது நூல்கண்டு. மேசையின் முன்வாயில் மூலைக்கு மூலை நூல் பிடித்தார். மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு ஒரு அளவு, எதிர் மூலைக்கு இன்னொரு அளவு. இரண்டுக்கும் இரண்டு நூல் வித்தியாசம், அதாவது கால் அங்குலம்.

பிறகு மேசையின் பின் இடது முனையில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். ஆடியது.

"டீச்சர், தரையப் பாருங்க."

சிவப்பு ஆக்சைடு தரை. இந்த வீடு கட்டிய கொத்தனார், கழுவிவிடும் தண்ணீர் தாழ்வாரத்து மடையில் போய்ச் சேர வேண்டுமென்று அறைக்கு அறை வாட்டம் கொடுத்திருக்கிறார். போன வருடம் வெள்ளையடித்தபோது மேசையை வடக்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு நகர்த்தினோம். அங்கே ஒரு கால் வாட்டத்தில் இறங்கி அந்தரத்தில் நிற்கிறது. மேசையின் பாரமே சட்டத்தை மெல்ல மெல்லச் சாய்த்திருக்கிறது. சதுரமான டிராயரைச் சாய்சதுரப் பொந்துக்குள் விட்டால் எதிரெதிர் மூலையில் பிடிக்காமல் என்ன செய்யும்?

மைக்கா துண்டு இரண்டை வெட்டி அந்தக் காலுக்கு அடியில் கொடுத்தார். அட்டை வைக்கலாமே என்றதற்கு, வீடு துடைக்கும் ஈரத்தில் அட்டை நாலே நாளில் கூழாகிவிடும் என்றார். மறுபடி நூல் பிடித்தபோது வித்தியாசம் அரை நூல்கூட இல்லை. மூன்றாம் எண் விரல் தொட்டதும் உள்ளே போயிற்று, பின்னால் முட்டுகிற வரைக்கும்.

நாலாவதற்கு வந்தோம். "இதையாவது இழைச்சிடுவோமே" என்று இவர் விடவில்லை.

"இப்ப இழைச்சா வைகாசில அந்தச் சந்துல கரப்பான் குடும்பத்தோட போயிட்டு வரும் சார். மழையில கோடு போட்டுக்கலாம். வெயில்ல வந்து இழைக்கறேன்."

டிராயரைப் பிடிக்கிற இடம்வரை தள்ளி, குறுக்குச் சட்டத்தின் அடியை ஒட்டிப் பக்கப் பலகையில் பென்சில் கோடு இழுத்தார். மரம் இனி இதற்கு மேல் ஊதினாலும் அதிகம் ஊதாது, கோட்டுக்குக் கீழே இருப்பதைத் தொட வேண்டியதே இல்லை என்பது அவர் கணக்கு. சம்பளம் வாங்கிக்கொள்ளவில்லை, காபி மட்டும். வேலைக்குத்தான் கூலியாம், பார்ப்பதற்குக் கிடையாதாம். இப்படிப்பட்டவர்கள் டாக்டராகப் போயிருக்கலாம்.

நவம்பர் 12, செவ்வாய்

ராத்திரி தூக்கம் வராமல் ஆசாரியின் கோட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை காலம் இயற்பியல் நடத்தியவள், மரம் ஊதும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது அழகில்லை.

மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஊதுவதில்லை. இழை ஓடும் நீளவாக்கில் அது அசைவதே இல்லை என்று சொல்லிவிடலாம், குறுக்கேதான் அசைவு. அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அசைவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் அசைவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பச்சைத் தேக்கு எலும்பாகக் காயும்வரை முதல் திசையில் 5.8 சதவீதமும் இரண்டாவதில் 2.5 சதவீதமும் சுருங்கும். மற்ற மரங்களோடு பார்க்கத் தேக்கு அடக்கமான பிள்ளை.

இந்த 5.8 என்பது ஈரம் சுமார் 30 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும்போது. அப்படியானால் ஈரம் ஒரு புள்ளி ஏறினால் அகலம் 0.2 சதவீதம் கூடும். கோடைக்கும் மழைக்கும் நடுவே மரத்தின் ஈரம் ஐந்து புள்ளி ஏறினால் ஒரு சதவீதம். நாலாம் எண்ணின் பக்கப் பலகை 20 சென்டிமீட்டர் உயரம். ஒரு சதவீதம் என்றால் 2 மில்லிமீட்டர். சட்டத்துக்கும் டிராயருக்கும் நடுவே விட்டிருந்த சந்தே அவ்வளவுதான்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. பக்கப் பலகையில் இழை முன்னிருந்து பின்னாக ஓடுகிறது, முகப்பில் இடமிருந்து வலமாக. ஆகவே மழையில் டிராயரின் ஆழமும் மாறாது, அகலமும் மாறாது. உயரம் மட்டும்தான் ஏறும். மழைக்காலத்தில் மேலும் கீழும் பிடித்தால் ஈரத்தின் மேல் பழி போடலாம். பக்கவாட்டில் பிடித்தாலோ முழுக்க உள்ளே போகாமல் நின்றாலோ, காரணத்தை வேறு எங்கேயாவதுதான் தேட வேண்டும். சாக்பீஸ் நீலம் சொன்னதும் இதையேதான்.

சமையலறைக் கதவும் இப்போது கீழே உரசுகிறது. அது தொங்கிப்போன கீலாகவும் இருக்கலாம். ஒரு நேரத்துக்கு ஒரு வம்பு போதும்.

நவம்பர் 15, வெள்ளி

மெழுகு பூசும் நாள். இவர் தேங்காய் எண்ணெய்க் கட்சி, பக்கத்து வீட்டு அக்கா சோப்புக் கட்சி.

எண்ணெயை மரம் குடித்துவிடும், தூசியைப் பிடித்து வைத்து நாளடைவில் பிசினாக்கும். அதோடு தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைகிற பண்டம், மார்கழி விடியலில் என்ன ஆகும் என்று கேட்டேன். சோப்பு வழுக்கத்தான் செய்யும், ஆனால் ஈரத்தை வா வா என்று அழைக்கும். கடலோர ஊருக்கு அது ஆகாது. சாதாரண வெள்ளை மெழுகுவத்தி போதும்: தண்ணீர் குடிக்காது, மரத்துக்குள் இறங்காது, மேலேயே நிற்கும். முதலில் உப்புத்தாளால் பழைய அழுக்கை எடுத்துவிட்டு, ஓடு கட்டையிலும் பக்கப் பலகையின் கீழ் விளிம்பிலும் அழுத்தித் தேய்த்து, துணியால் ஒரு தடவை மெருகு கொடுத்தால் முடிந்தது.

ஒற்றைக் கையால் தள்ளும் பழக்கத்தையும் இன்றைக்கு ஒரு பிடி பிடித்தேன். அகல டிராயரை முக்கால்வாசி இழுத்துவிட்டு ஒரு கைப்பிடியை மட்டும் தள்ளினால் சரக்கென்று குறுக்கே மாட்டிக்கொள்கிறதே, அதில் மரத்தின் தப்பு ஒன்றுமில்லை. ஓரத்தில் தள்ளும்போது டிராயர் திரும்பப் பார்க்கிறது. எதிரெதிர் மூலை இரண்டும் பக்கச் சட்டத்தில் குத்தி நிற்கின்றன. உள்ளே இருக்கும் நீளம் குறையக் குறைய அந்தக் குத்து பலமாகும். உராய்வு எண்ணை இரண்டால் பெருக்கி, நடுக்கோட்டிலிருந்து கை இருக்கும் தூரத்தாலும் பெருக்கினால் ஒரு நீளம் வரும். உள்ளே இருப்பது அதைவிடக் குறைந்துபோனால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் நகராது. பலம் கூடினால் குத்தும் கூடத்தான் கூடும்.

எங்கள் மேசையில் கைப்பிடி நடுவிலிருந்து 10 அங்குலம் தள்ளி இருக்கிறது. காய்ந்த மரத்துக்கு உராய்வு எண் 0.4 என்று வைத்தால் 8 அங்குலம் வருகிறது. டிராயரின் ஆழம் 16. ஆக, பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டால் ஒற்றைக் கை உதவாது. மெழுகு பூசி 0.2 ஆக்கினால் 4 அங்குலம்வரை தாங்கும். நடுவில் ஒரு கையை வைத்துத் தள்ளினால் இந்தக் கணக்கே வேண்டாம். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ரெண்டு கையால தள்ளறேன். பரீட்சை எப்ப?" என்றார்.

நவம்பர் 30, சனி

புயல். ஃபெஞ்சல் என்று பெயர். மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. தெருத் தண்ணீர் வாசல் படி ஏறுகிறது. டிராயர்களை உருவிக் கட்டில் மேல் அடுக்கிவிட்டு, மேசையின் நாலு காலுக்கும் செங்கல் கொடுத்தோம். மெழுகுவத்தி மீதமிருந்தது நல்லதாயிற்று.

டிசம்பர் 3, செவ்வாய்

புதுச்சேரிக்கு அருகேதான் கரை கடந்ததாம். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் கூடத்தில் கணுக்கால் அளவு நின்று வடிந்தது, செங்கல் காப்பாற்றியது. தாழ்வான தெருக்களில் பீரோவே மிதந்திருக்கிறது, நாங்கள் டிராயரைப் பற்றிப் பேசுவது அதிகப்படி.

ஆனாலும் ஈரம் ஈரம்தான். இன்றைக்கு வெயில் முகம் காட்டியதும் இவர் டிராயர்களை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகக் கிளம்பினார். தடுத்துவிட்டேன். மேல்புறம் சுருக்கெனக் காய்ந்து உள்புறம் ஈரமாகவே நின்றால் பலகை வளையும், வெடிக்கும். நிழலில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, ஃபேன் காற்றில் கிடக்கட்டும். மேசையைக் கவிழ்த்துக் கால்களையும் பார்த்தேன். காலின் அடிமுகத்தில் இழையின் வாய் திறந்திருக்கும். தண்ணீர் குடிக்க அதைவிட வசதியான இடம் மரத்தில் கிடையாது. தினமும் வீடு துடைக்கும் ஈரமே அங்கே ஒரு விரல் உயரத்துக்குக் கறுப்பு ஏற்றியிருக்கிறது. காய்ந்ததும் வார்னிஷ் தடவி, ரப்பர் குமிழ் அடிக்க வேண்டும்.

டிசம்பர் 12, வியாழன்

பையன் அறையில் இருப்பது வேறு ஜாதி. அமுக்கிய மரத்தூள் பலகை, மேலே மைக்கா, பக்கத்தில் இரும்புச் சேனல். இதற்கு மெழுகும் வேண்டாம், இழைப்புளியும் வேண்டாம். சேனலுக்குள் குண்டுமணிகள் ஒரு தகட்டுக் கூண்டில் வரிசையாக ஓடுகின்றன. அரைகுறையாகவே திறந்து மூடிப் பழகினால் கூண்டு இடம் மாறி நடுவழியில் உட்கார்ந்துகொள்ளும். டிராயர் கடைசி இரண்டு அங்குலம் உள்ளே போகாமல் திரும்பி வரும். முழுக்க வெளியே இழுத்து, ஒரே வீச்சில் அழுத்தி மூடினால் கூண்டு தன் இடத்துக்குப் போய்விடும். போயிற்று.

இன்னொரு டிராயரில் திருகாணி பிடிக்காமல் சேனலே ஆடியது. மரத்தூள் பலகையில் ஒரு முறை ஓட்டை தளர்ந்தால் அதே ஆணி மறுபடி பிடிக்காது. மருந்து கிள்ளிய தீக்குச்சிகளைப் பெவிகாலில் தோய்த்து ஓட்டையில் அடைத்து, மறுநாள்வரை விட்டு முறுக்க வேண்டும். இவர் கையோடு பிடுங்கிய கைப்பிடிக்கும் அதே வைத்தியம்தான்.

சேனல் வைத்த டிராயருக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் இடம் வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மரத்தின் மேல் மரம் ஓடும் பழைய டிராயர் அந்த அளவுக்குக் கறார் இல்லை. எது மேல் என்று கேட்டால் நான் பழையதற்கே ஓட்டுப் போடுவேன். கடல் காற்றில் சேனல் துருப்பிடித்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். தேய்ந்த கட்டைக்கு ஒட்டுப் போடலாம்.

2025 ஜனவரி 17, வெள்ளி

காணும் பொங்கல் முடிந்த கையோடு ஆசாரி வந்துவிட்டார். இன்றைக்கு மூன்றாம் எண். மேசையை மட்டம் செய்த பிறகு அது ஓடுகிறது, ஆனால் முகம் தொங்குகிறது. கவிழ்த்துப் போட்டதும் தெரிந்தது: வலது பக்கப் பலகையின் கீழ் விளிம்பு, பின்னால் போகப் போக ஒரு நூல் அளவுக்குத் தேய்ந்து சரிந்திருக்கிறது. மேசைக்குள் ஓடு கட்டையிலும் வாய்ப்பக்கம் ஒரு பள்ளம். அத்தை காலத்திலிருந்து புடவைப் பாரத்தோடு இழுத்து இழுத்து மூடியதில் மரம் மரத்தைத் தின்றிருக்கிறது.

தேய்ந்த விளிம்பை முதலில் நேர்கோட்டுக்கு இழைத்தார். வளைந்த முகத்தில் ஒட்டு நிற்காது. சுருள் சுருளாக விழுந்த இழைப்பில் உள்மரம் தேன் நிறத்தில் இருந்தது, பழைய தேக்கின் தோல் வாசனை. அதே இழைப்போக்கில் ஒரு தேக்கு ரீப்பரை அறுத்து, ஒட்டும் முகத்தைத் தின்னர் தோய்த்த துணியால் ஒரு தடவை துடைத்தார். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, துடைக்காவிட்டால் பெவிகால் பிடிக்காது. பசை தடவி அழுத்தி, கிழிந்த சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றினார்.

"ஆணி ரெண்டு அடிச்சா இன்னும் கெட்டியா இருக்காதா ஆசாரி?"

"கெட்டியாத்தான் இருக்கும் டீச்சர். நாள்பட ரீப்பர் தேயும், ஆணி தேயாது. தலையைத் தூக்கிக்கிட்டு ஓடு கட்டைய உழுதுடும்."

ராத்திரி காயவிட்டு, நாளைக்கு வந்து இடது பக்கத்து உயரத்துக்கு இழைத்துச் சமன் செய்வாராம். காத்திருந்த நேரத்தில் இரண்டாம் எண்ணின் கதையை நானே முடித்தேன். அடிப்பலகை பிளைவுட், பின்பக்கம் இரண்டே ஆணி. பிடுங்கி, உருவி, தலைகீழாகத் திருப்பிச் செருகினேன். தொங்கல் இப்போது மேல்நோக்கிய மேடு. பாரம் ஏற ஏறச் சமமாகிவிடும். நிரந்தரம் வேண்டுமென்றால் குறுக்கே ஒரு கட்டை கொடுக்கலாம்.

ஜூன் 5, வியாழன்

அக்னி நட்சத்திரம் போயும் சூடு போகவில்லை. மேல்காற்று காலையிலேயே தொடங்கிவிடுகிறது. துணி உலர்த்தித் திரும்புவதற்குள் காய்கிறது. ஆசாரிக்குப் போன் செய்தேன்.

நாலாம் எண் இப்போது சுண்டினால் ஓடுகிறது. பென்சில் கோடு சட்டத்துக்குக் கீழே இறங்கி நிற்க, மேலே விரல்நகம் நுழையும் சந்து. இவர் குனிந்து பார்த்துவிட்டு, இனி இழைப்பதற்கு என்ன இருக்கிறது, அப்படியே விட்டுவிடலாமே என்றார். ஆசாரிக்கும் பாதி அந்த எண்ணம்தான். கோட்டுக்கு மேலே மிஞ்சியிருப்பது அரை நூல். அதை மட்டும் எடுத்தால் கார்த்திகையிலும் ஓடும், கோடையிலும் சந்து பெரிதாகாது என்று முடிவாயிற்று.

இழைப்புளியை முன்னிருந்து பாதிவரை, பிறகு பின்னிருந்து பாதிவரை ஓட்டினார். ஒரே திசையில் கடைசிவரை போனால் மூலையின் டவ்டெயில் பல் சிதறும். எடுத்தது கைப்பிடி சுருள்கூட இல்லை. வெட்டிய விளிம்பு ஈரத்துக்கு வாயைத் திறந்தபடி இருக்குமே என்றேன். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷை மெல்லிசாக இரண்டு கை தடவினார். எண்ணெய் வார்னிஷ் அடித்திருந்தால் மூடிய டிராயருக்குள் அதன் நெடி மாதக்கணக்கில் நிற்கும், புடவையில் ஏறும். அரக்கு அரை மணியில் காய்ந்து வாசனையில்லாமல் ஆகிவிடும். அதன் மேல் மெழுகு.

பாலிஷ் காய்வதற்குள் சாமான் பங்கீடு தொடங்கிவிட்டது. ரசீதுகள் பீரோவுக்கு, புடவைகள் மூன்றுக்கு, நாலாவதற்குப் போர்வைகள். இவருடைய ஆணி, நட்டு, பூட்டு வகையறா இரண்டாம் எண்ணுக்குத் திரும்ப வரக்கூடாது, மாடிப்படிக்குக் கீழே தகரப் பெட்டியில் இருக்கட்டும் என்று சொன்னேன். குறுக்கே ஒரு கட்டை கொடுத்தால் தாங்கும் என்று நான்தானே சொன்னேன் என்று கேட்கிறார். ஆசாரி வேறு அவர் பக்கம் சேர்ந்துகொண்டு கட்டையை அளந்துகொண்டிருக்கிறார்.